பாப்பம்மாளுக்கு வாங்கிய ஆட்டு ஈரல்

நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரியின் சமையற்கட்டைப் பார்த்துவரச் சென்ற மாதம் அழைத்திருந்தார்கள். பின்வாசலில் குளிரூட்டிய லாரி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய அட்டைப் பெட்டிகளில் கோழியும் ஆட்டிறைச்சியும் மீனும் ஒரே அளவில் வெட்டப்பட்டு, வாசனை எதுவுமின்றிக் கல்லாக உறைந்திருந்தன. உணவுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அம்மா, உங்க காலத்துல நீங்களே பசாருக்குப் போயி கறி வாங்குவீங்களாமே? பயமா இல்லையா லா, அந்த ரத்தம், ஈ, எல்லாம்?"

"ரத்தத்துக்குப் பயந்ததில்லை" என்றேன்.

பிறகு வேறு எதற்குப் பயந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் தகப்பனார் லாபு பக்கத்து எஸ்டேட் ஒன்றில் தமிழ்ப்பள்ளி வாத்தியார். வீட்டில் சோற்றுக்குக் குறைவிருந்த நாட்களிலும் புத்தகத்துக்குக் குறைவிருந்ததில்லை. அவருக்குப் பார்வை மங்கியதும் நான் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. சுற்றியிருந்த எஸ்டேட்டுகளுக்கெல்லாம் பொதுவாக ஓர் ஆஸ்பத்திரி எங்கள் தோட்டத்தில் இருந்தது. அங்கே நோயாளிகளின் சாப்பாட்டுப் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. கஞ்சியின் பதம், பால்மாவின் அளவு, யாருக்கு உப்பு ஆகாது, யாருக்குப் பருப்பு ஆகாது என்பதெல்லாம் பழகிக்கொள்ள அதிக காலம் பிடிக்கவில்லை. பழகவே முடியாததாகத் தோன்றியது வாரந்தோறும் செரம்பான் பசாருக்குப் போய் வருவதுதான். அது வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம்.

இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக, நாட்டுக்குள் இருந்த எல்லோருடைய சோற்றுக்கும் காவல் போடப்பட்டிருந்தது. தொழிலாளர் குடியிருந்த எஸ்டேட் லயங்களையும் ஆஸ்பத்திரியையும் சுற்றி முள்வேலி. வாசலில் சோதனை, ஐசி என்னும் அடையாள அட்டை பார்த்தல். உணவுப் பொருள் ஒவ்வொன்றுக்கும் உத்தரவுச் சீட்டு. புறப்பட்ட லாரி வழியில் எங்கும் நிற்கக்கூடாது. கடைக்காரர் டின்னில் அடைத்த எதையும் ஆணியால் துளைத்த பிறகே கொடுக்க வேண்டும். துளைத்த டின் காட்டில் வெகுநாள் தாங்காதல்லவா? செரம்பான் பசாருக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது அந்தச் சத்தம்தான். ஒவ்வொரு கடையிலும் சுத்தியல் ஒரு தட்டுத் தட்டும். உடனே பால் அல்லது மீனெண்ணெய் கசியும். தரையெங்கும் அந்த எண்ணெய் படிந்திருந்தது. அவ்வளவு கொழுத்த பூனைகளை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

பசார் அப்போதும் நிறைந்துதான் இருந்தது. வேலிக்குள் குடியமர்த்தப்பட்ட புதுக்கிராமத்துச் சீனர்கள் சாவிக் கீரையும் கங்கோங் கீரையும் கட்டுக்கட்டாக வைத்திருப்பார்கள். கம்பம் என்கிற கிராமத்து மலாய்ப் பெண்கள் பெத்தாய்க் காயும் வாழைப்பூவும் பரப்பியிருப்பார்கள். ஆனால் விலை கேட்பவர்கள் மெல்லக் கேட்டார்கள். சொல்பவர்கள் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்கள். ஒரு வாரம் இருந்த காய்கறிக்காரர் மறுவாரம் இல்லாமற் போவார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் சாக்கு மட்டும் விரிந்து கிடக்கும். எவ்வளவு நெருக்கடி இருந்தாலும் அந்தச் சாக்கில் வேறு யாரும் கூடை வைக்கமாட்டார்கள். அதைச் சுற்றிக்கொண்டு நடப்பார்கள். நானும் அப்படியே நடந்தேன்.

ஆட்டிறைச்சிக்கு நான் போவது காசிம் ராவுத்தர் கடைக்கு. ராமநாதபுரத்துக்காரர், மெலிந்த உடம்பு, வெள்ளைப் பனியனில் ஒரு சொட்டு ரத்தம் இருக்காது. அவர் கடையில் ஆஸ்பத்திரிக்கு என்று கேட்டால் எலும்பைக் குறைத்துப் போடுவார். ஈரல் கேட்டால் மட்டும் முகம் மாறும்.

"ஆட்டுக்கு ரெண்டு ஈரலாப் படைச்சிருந்தா எனக்கு இந்தச் சண்டையே இல்லம்மா. ஹோட்டல்காரன் விடியக்காலையிலேர்ந்து இந்தப் பூனை மாதிரியே சுத்திக்கிட்டுக் கெடக்கான்."

"ஹோட்டலுக்குப் போறவங்க நோயாளி இல்லையே, பாய்."

"அவன் சமைக்கிறதச் சாப்புட்டா நோயாளிதான்" என்று சொல்லிக்கொண்டே எனக்கு எடுத்து வைப்பார்.

ஈரல் தேவைப்பட்டது பாப்பம்மாளுக்காக. அவள் எங்கள் தோட்டத்திலேயே ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிற பெண், பிள்ளைத்தாய்ச்சி. அவள் புருஷன் மாரிமுத்து தொழிலாளர் சங்கத்தில் முன்னால் நின்று பேசுகிறவன். சங்கங்களின் மீது கெடுபிடி வந்தபின் ஒரு நாள் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் வெட்டிய மரங்களின் கோப்பைகளில் பால் நிரம்பி வழிந்து உறைந்து கிடந்தது என்று அவளே சொல்லியிருக்கிறாள். காட்டுக்குள் போய்விட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போலீஸ் பதிவில் அவன் காணாமற் போனவன், அவ்வளவே. காட்டிலிருப்பவனுக்கு ஒரு பிடி சோறு கொடுத்தது தெரிந்தால் பெண்ணென்றும் பார்க்காமல் தடுப்புக் காவலில் வைப்பார்கள்; பிறகு கப்பலேற்றி, அவள் பார்த்தேயிராத இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கண்ணிமையின் உட்புறம் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. மாதமொரு முறை வந்துபோகும் வெள்ளைக்கார டாக்டர் பார்த்துவிட்டு, ஈரல், தினமும் ஈரல் என்று சொல்லிப் போனார்.

டாக்டர் இல்லாத நாளெல்லாம் ஆஸ்பத்திரியை நடத்தியவர் டிரஸ்ஸர் நடராசா. யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய முறைகளை விவரித்துச் சொல்ல வேண்டும். பின்னாளில் நான் பணிபுரிந்த பெரிய ஆஸ்பத்திரிகளில்கூட அத்தகைய மனிதரைக் காணவில்லை. யோசிக்க வேண்டியிருந்தால் கை கழுவப் போய்விடுவார். சவர்க்காரம் போட்டு, விரலிடுக்குகளைத் தேய்த்து, துடைத்து, அதன் பிறகுதான் பேசுவார். யாரையும் அதட்டியதில்லை, என்னைவிட இளையவர்களைக்கூட 'நீர்' என்றுதான் அழைப்பார். நான் கொண்டுவந்த ஈரலை முதல் தடவை மேசையில் விரிக்கச் சொல்லி விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"வாங்கேக்குள்ள ஒருக்கா அமத்திப் பாரும் பிள்ளை. பள்ளம் திரும்பி எழும்பினா வாங்கும். எழும்பாட்டி விட்டிட்டு வாரும். பித்தப்பை உடைஞ்சதெண்டா கரையில பச்சை தெரியும், அதையும் வேண்டாதையும்."

அவருக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. வாசலில், காட்டோரத்தில், லயத்தில் நடந்ததாக யாராவது ஏதேனும் சொல்ல வாயெடுத்தால் கையை உயர்த்திவிடுவார். "நான் கேக்காததை நீர் சொல்லாதையும். கேட்டா நான் எழுத வேணும். எழுதினா அது பொலிசுக்குப் போகும்."

வாரந்தோறும் ஈரல் வந்தது. சந்தை நாளன்று உடனே சமைத்தது. மற்ற நாட்களுக்கு அவித்து, மிளகும் உப்பும் போட்டு வறட்டி வைத்தது. பாப்பம்மாளுக்கு வார்டில் பினாயில் வாடை குமட்டும். அதனால் சாயங்காலச் சாப்பாட்டை வாழையிலையில் வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவாள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பேன். "நல்லா இருந்துச்சுக்கா" என்பாள். அவளுடைய கண்ணிமை மட்டும் சிவக்கவில்லை. பாதம் வீங்கத் தொடங்கியது.

டிரஸ்ஸர் என்னைக் கூப்பிட்டார். "உம்மட ஈரலெல்லாம் எங்க போகுது பிள்ளை?"

ராவுத்தர் பழசைக் கொடுத்து ஏமாற்றுகிறாரோ என்று நான் சந்தேகித்தேன். நல்ல மனிதரைச் சந்தேகிப்பது எளிதாக இருந்த காலம் அது. அடுத்த சில வாரங்கள் செரம்பானில் ஒரு கறிக்கடை விடாமல் ஏறி இறங்கினேன். பசாருக்குள் இருந்த மற்ற இரண்டு கடைகள், லோபாக் பக்கத்தில் ஒரு கடை, ரயில்வே பாதையை ஒட்டி ஒரு கடை. ஒவ்வொரு கடைக்கும் ஒரு குணம் இருந்தது. ஒருவர் எடையில் தாராளம், ஈரலில் தண்ணீர் ஏற்றியிருப்பார். ஒருவர் கத்தி தீட்டும் சத்தத்திலேயே வாடிக்கையாளரை அடக்கிவிடுவார். லோபாக் கடைக்காரர் நான் எந்த எஸ்டேட் என்று கேட்டார். சொன்னதும் பொட்டலத்தைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். காட்டையொட்டிய எங்கள் பக்கத்தின் பெயரைக் கேட்டால் அப்படி விலகுகிறவர்கள் அப்போது உண்டு.

ஒரு வாரம் எந்தக் கடையிலும் ஆட்டு ஈரல் அகப்படவில்லை. பன்றியிறைச்சி விற்கும் சீனர் பகுதிக்குப் போய்ப் பன்றி ஈரல் வாங்கி வந்தேன். சத்தில் அது ஒரு படி மேல். எங்கள் தோட்டத்தில் அதை விரும்பிச் சாப்பிடுகிறவர்களும் இருந்தார்கள். சமைத்து இலையில் வைத்துக் கொடுத்தேன். பாப்பம்மா குனிந்து பார்த்தாள்.

"இது என்னாக்கா?"

"பன்னி ஈரல். ஆட்டு ஈரல் கிடைக்கல."

"ஐயய்யோ! முனியாண்டிக்குப் பன்னி ஆகாதுக்கா. வச்சா குத்தமாயிரும்."

சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் இலையைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

முனியாண்டி ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அத்திமரத்தடியில் இருந்தார். மூன்று கல், ஒரு சூலம். முள்வேலி போட வந்தவர்கள் நேர்க்கோடு பிடித்துப் போட்டுக்கொண்டே போனதில் அவர் ஒரு கை தூரத்தில் வேலிக்கு வெளியே நின்றுவிட்டார். கல்லைப் பெயர்க்கத் தோட்டத்து மக்கள் சம்மதிக்கவில்லை. கம்பியை வளைக்கத் துரை சம்மதிக்கவில்லை. பூவும் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் உள்ளேயிருந்தே வைத்துக் கும்பிடலாம், சோறும் கறியும் படைக்கக்கூடாது என்று உத்தரவு. வாசலில் பெண்களைச் சோதனை போட்ட அஞ்சலை இதைச் சொல்லிச் சிரிப்பாள்: "சாமிக்கு ஐசி கார்டு இல்லடி. அதான் வெளிய நிறுத்திட்டானுங்க." என்னைச் சோதிக்கும்போதும் அவள் வாய் ஓயாது.

"கையத் தூக்கு, வாத்தியாரு மவளே."

"நேத்துத்தானே தடவிப் பாத்த?"

"நேத்து நீ நல்லவ. இன்னைக்கு எப்புடின்னு எனக்கு என்னா தெரியும்?"

மறுநாள் விடிந்ததும் பின்கட்டுக்குப் போனேன். ரப்பர்க் காய்கள் வெடிக்கும் பருவம். மரவரிசைக்குள் எங்கோ ஒரு காய் வெடித்துக் கொட்டை தெறிக்கும்; துப்பாக்கியோ என்று உடல் ஒருமுறை அதிரும்; பிறகு முன்னைவிட ஆழமான அமைதி. வேலியோரம் பாப்பம்மா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். கம்பிக்கு அப்பால், சூலத்தடியில் ஒரு வாழையிலை. மூங்கில் குச்சியால் அதை அங்கே தள்ளி வைத்திருக்கிறாள். இலையின் நுனி இருந்த திசையைப் பார்த்தால், காட்டுக்கு முதுகு காட்டி எங்களைப் பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்து உண்ணும்படி போடப்பட்டிருந்தது தெரிந்தது. அப்படித்தான் உண்டும் இருக்கிறார். இலை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அது உண்டவரின் பக்கமாக, பாதியில் ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தது.

நாயும் குரங்கும் இலையை மடிப்பதில்லை. விருந்தில் வயிறு நிறைந்தவன் தன் பக்கமாக மடிப்பான். எழவு வீட்டில் உண்டவன் எதிர்ப்பக்கமாக மடிப்பான். தமிழ் வீட்டில் பிறந்தவரைத் தவிர யாருக்கு அது தெரியும்?

"யாருக்கு வைக்கிற பாப்பம்மா?"

"சாமிக்குக்கா."

"சாமி இலைய மடிக்குமா?"

"நல்லாச் சாப்புட்ட சாமி மடிக்கும்" என்றாள். அவள் முகத்திலிருந்த நிறைவைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "தெனமும் மடிச்சிருக்குக்கா. ஒரு நாள் தவறல. அது இன்னும் உசுரோட இருக்குன்னு எனக்குத் தெரியுமில்ல?"

"உன் வயித்துல இருக்கிறது?"

என் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். விரல்கள் ஈரத்துணிபோல் குளிர்ந்திருந்தன. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளைக் கொண்டுபோய்விடுவார்கள். சொல்லாவிட்டால் அவள் தானே போய்விடுவாள். அன்றிலிருந்து மதியத்தில் முட்டையும் கீரையும் என் கண் முன்னால் அவளை உண்ணவைக்கப் பார்த்தேன். நாலு வாய்க்கு மேல் இறங்காது. சாயங்கால இலை மட்டும் தப்பாமல் கம்பிக்கு அப்பால் போயிற்று.

அடுத்த சந்தை நாளன்று எங்கள் லாரி செரம்பானுக்குள் நுழைந்தபோது கடைவீதியில் பேச்சு நின்றுபோயிருந்தது. அத்தனை பேர் நடந்துகொண்டிருந்தார்கள், ஆனால் செருப்புச் சத்தம்தான் கேட்டது. போலீஸ் நிலையத்தின் முன்னால் பலகைகள் போட்டிருந்தார்கள். காட்டில் சுடப்பட்டவர்களை அப்படிக் கொண்டுவந்து கிடத்துவது அக்காலத்து வழக்கம். பார்க்கிறவர்கள் யாராவது அடையாளம் சொல்வார்கள் என்று. காவலுக்கு வந்திருந்த யூசோப், எங்கள் தோட்டத்து ஸ்பெஷல் கான்ஸ்டபிள், என்னையும் இறங்கிப் பார்க்கச் சொன்னார். அவருக்கும் அது உத்தரவு.

இரண்டு பேர். ஒருவர் வயதான சீனர். மற்றவன் மாரிமுத்து. முன்பு மலேரியாவில் எங்கள் வார்டில் கிடந்தவன். அவன் வாயில் நான் கஞ்சி ஊட்டியிருக்கிறேன். முகத்தில் காயமில்லை. பாதங்களில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. தினமும் ஓர் இலைச் சாப்பாடு உண்டவனுடைய வயிறாக அது எனக்குத் தோன்றவில்லை.

"கெனால்?" என்று யூசோப் கேட்டார். தெரியுமா என்று.

தெரியாது என்று தலையாட்டினேன். அவரும் சற்று நேரம் அவனைப் பார்த்தார். தோட்டத்து வாசலில் எத்தனையோ நாள் அவனுக்கு வழிவிட்டவர் அவர். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஜாலான்" என்றார். நடந்தோம்.

காசிம் ராவுத்தர் கடையில் ஆடுகள் உரித்துத் தொங்கின. அவற்றின் மீது வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார். நான் அறிந்தவரை அவர் அப்படிச் செய்தது அன்று மட்டும்தான். துணிகள் வரிசையாக, தலையில்லாத ஆட்களைப்போல் அசையாமல் நின்றன. கத்தி கழுவி வைக்கப்பட்டிருந்தது.

"இன்னைக்குக் கறி விக்காதும்மா. அங்க பாத்துட்டு இங்க பாக்க யாருக்கு மனசு வரும்? ஹோட்டல்காரன்கூட வரல. ஈரலெல்லாம் அப்புடியே கெடக்கு, வேணுங்கிறத எடுத்துக்க."

சீட்டு அனுமதித்த அளவுக்கு எடுத்துக்கொண்டேன். அமுக்கிப் பார்த்தேன், பள்ளம் உடனே எழும்பியது. அதைவிட நல்ல ஈரலை நான் அதுவரை வாங்கியதில்லை.

பொட்டலம் கட்டியபடி அவர் கேட்டார்: "ஒங்க பக்கத்துப் புள்ளையாம்மா?"

"தெரியாது பாய்."

"எனக்கும் தெரியாது. போன தீவாளிக்கு இங்க வந்து, தொடைக்கறிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்ன மாதிரி ஒரு ஞாபகம்." நூலை அறுத்தார். "ஞாபகமெல்லாம் தப்பா வருதும்மா. வயசாச்சுல்ல."

அன்று சாயங்காலம் இலையை நீட்டியபோது பாப்பம்மா முகம் மலர்ந்தாள். "இன்னைக்கு நெறைய இருக்கேக்கா!" நான் வாயைத் திறந்தேன். சொன்னால் இவள் கதறுவாள். கதறினால் அஞ்சலை வருவாள், யூசோப் வருவார், பிறகு வரவேண்டியவர்கள் வருவார்கள். ஒருவேளை நான் சொல்வதை இவள் நம்பவும் மாட்டாள். காலையில் இலை அப்படியே கிடக்கும், எறும்பு மொய்த்திருக்கும், அப்போது தானாகவே புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

காலையில் அவள்தான் என்னை எழுப்பினாள். "வந்து பாருக்கா."

இலை துடைத்தாற்போல் இருந்தது. உண்டவரின் பக்கமாக, பாதியில், ஒழுங்காக மடிந்திருந்தது.

"எம்புட்டு நல்லாச் சாப்புட்டிருக்குன்னு பாத்தியா?" என்றாள் பாப்பம்மா.

முள்கம்பியை நான் பற்றிக்கொண்டது பிறகு உள்ளங்கையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மரவரிசைக்குள் ஒரு காய் வெடித்தது. அந்தப் பக்கம் பார்க்கும் துணிவு எனக்கு வரவில்லை. செரம்பானில் பலகையில் கிடந்தவனையும் பார்த்தேன், இந்த இலையையும் பார்த்தேன். இரண்டையும் பார்த்தவை இதே கண்கள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. பாப்பம்மாளால் இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. டிரஸ்ஸர் அவளுடைய வயிற்றில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். வெளியே வந்து என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "இப்பிடியே போனா பேறு நேரத்தில உடம்பு தாங்காது பிள்ளை. ரெண்டு உயிரும் போகும்."

அன்றுதான் அவருடைய கட்டளையை மீறினேன். அதுவும் முழுவதுமாக மீறவில்லை. "ஐயா, செத்தவன் சாப்பிடுவானா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் கையை உயர்த்தவில்லை. குழாயடிக்குப் போனார். சவர்க்காரம் கரைந்து தீரும்வரை கழுவிக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று கேட்டார்.

"இலை எந்தப் பக்கமா மடிஞ்சு கிடக்கு?"

பின்கட்டில் நடப்பதை அவரும் அறிந்திருந்தார். "உண்டவர் பக்கமாக, ஐயா."

"ம்" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. ஆகையால் எதுவும் எழுதவும் இல்லை.

அடுத்து வந்தது சந்தை நாள். லாரிக்குக் கிளம்பும் முன் பின்கட்டை எட்டிப் பார்த்தேன். பாப்பம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். சூலத்தடியில் இலை இருந்தது. எப்போதும்போல் துடைத்துத்தான் இருந்தது. ஆனால் அன்று எதிர்ப்பக்கமாக, எங்கள் பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது.

அதை யார் மடித்தார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதாவது, எனக்குத் தெரியாது என்பதை. கம்பியைத் தாண்டி நான் போகவில்லை. டிரஸ்ஸர்தான் ஏதோ செய்துவிட்டார் என்று பல்லாண்டுகள் நினைத்திருந்தேன். அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று யாழ்ப்பாணத்துக்குப் புறப்படுமுன் விடைபெறப் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அண்டைக்கு அந்த இலையை மடிச்சது நீர்தானே பிள்ளை? இப்ப சொன்னால் பிழையில்லை" என்றார். "நானில்லை ஐயா, நீங்கள்தான் என்றே நினைத்திருந்தேன்" என்றேன். காட்டில் மாரிமுத்துவோடு இருந்த இன்னொரு தமிழனாக இருக்கலாம் என்றேன். முதலிலிருந்தே உண்டவன் அவனாகவும் இருக்கலாம். நண்பன் செத்த பின்னும் சில நாள் பசிக்கு உண்டுவிட்டு, பிறகு மனம் பொறுக்காமல் அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில் செய்தி சொல்லியிருக்கலாம். டிரஸ்ஸர், "இருக்கலாம்" என்றார். பிறகு எழுந்து கை கழுவப் போனார்.

அன்று காலை பாப்பம்மா இலையைப் பார்த்தபடி, அடுத்த வீட்டு விஷயம்போல், "எழவு வீட்டுச் சாப்பாடுக்கா" என்றாள்.

அழவில்லை. வாயைப் புறங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். தோள்கள் மட்டும் ஆடின. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் காணாமற்போனவன், காணாமற்போனவனுக்கு யாரும் காரியம் செய்ய முடியாது, தாலியைக் கழற்ற முடியாது, பொட்டை அழிக்க முடியாது. அழித்தால் அதுவே சாட்சி. இதையெல்லாம் நான் எப்படிச் சொல்வதென்று தடுமாறியபோது, அவளே தாலிச்சரட்டை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டு, பொட்டை விரலால் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டாள்.

"தலைக்கு ஊத்தணும்க்கா. அதுக்குத் தடையில்லையே?"

குழாயடியில் நானே ஊற்றினேன். குடம் குடமாகத் தண்ணீர் விழுகிற சத்தத்தில் அவள் அழுதிருந்தால் எனக்குக் கேட்டிருக்காது. வாசலில் முறை மாறி வந்த அஞ்சலை ஈரத்தலையைப் பார்த்துவிட்டாள்.

"என்னாடி, காலங்காத்தால குளிச்சு முழுகிட்டு நிக்கிற, கல்யாணப் பொண்ணு கணக்கா?"

"ஒடம்பு சூடுக்கா" என்றாள் பாப்பம்மா.

அஞ்சலை அவளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். பெண்களின் உடம்பைப் பார்த்தே உண்மை கண்டுபிடிக்கும் வேலை அல்லவா அவளுடையது? பிறகு தன் தோளிலிருந்த துண்டை எடுத்து, "தலையத் துவட்டு, சளி புடிச்சிரும்" என்று நீட்டிவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள். அன்று அவள் என்னைச் சோதனை போடவுமில்லை.

செரம்பான் போனேன். ராவுத்தர் கடையில் ஆடுகள் துணியின்றித் தொங்கின. ஹோட்டல்காரர் வழக்கம்போல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வேண்டியதைத் தனியே வைத்திருந்தார் ராவுத்தர். திரும்பி வந்ததும் வேறெதையும் பிரிக்காமல் ஈரலை நறுக்கி, மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கி, சூடான சோற்றோடு எடுத்துப்போனேன். இலையில் வைக்கவில்லை, தட்டில் வைத்தேன். டிரஸ்ஸர் வார்டுக் கதவருகில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாரும் உள்ளே வராதபடி நின்றார்.

பாப்பம்மா தட்டை மடியில் வாங்கினாள். முதல் கவளத்தை நெடுநேரம் மென்றாள். விழுங்கியபோது கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது சற்று வேகமாகப் போயிற்று. பிறகு அவள் நிறுத்தவேயில்லை. ஈரத்தலை முன்னால் சரிந்து விழ, ஒரு கையை வயிற்றின் மேல் வைத்தபடி, கண்ணீர் சோற்றில் சொட்டச் சொட்டச் சாப்பிட்டாள். பசி அத்தனை நாளும் அவளுக்குள் எங்கே இருந்ததோ. தட்டின் விளிம்பை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இன்னும் இருக்காக்கா?" என்று கேட்டாள்.